பாஸ்டரம்மா வரைந்த முகங்கள்

தனபாக்கியத்துக்குப் பூ வரைய வராது. மலை, ஆறு, தோணி எதுவும் வராது. ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் என்னையத் திரும்பிப் பாக்காதே, நான் அத எப்படிப் பாக்கது?" என்பார். அவருக்கு வேண்டியது மனித முகம் ஒன்றுதான். அதுவும் புகைப்படம் உதவாது. ஆள் எதிரே உட்கார்ந்து, இருமி, கொட்டாவி விட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டபடி இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டைக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். வகுப்பில் இருந்த கொஞ்சப் பெண்களும் துணிக்கு டிசைன் போடும் பிரிவுக்குப் போய்விட, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் கற்றுக்கொண்டவர் இவர் ஒருவர்தான். ஊருக்குத் திரும்பிப் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்துகொண்டே, ஓய்வு பெறும் தலைமையாசிரியைகளையும் வயதான குருமார்களையும் வரைந்தார். திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஹால்களிலும் ஆலய அலுவலகங்களிலும் அந்தப் படங்கள் தொங்கின. எதிலும் அவர் பெயர் கிடையாது. முதல் படத்தில் கையெழுத்துப் போட்டபோது, பெரிய மனுஷர் படத்துக்கு அடியில் பொம்பளைப் பிள்ளை பெயர் எதற்கு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். பிறகு அவர் போடுவதை விட்டுவிட்டார்.

முப்பது வயதை ஒட்டித்தான் கல்யாணம். மாப்பிள்ளை காலேப், சிறிய கிராமச் சபை ஒன்றின் போதகர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். பிரசங்கத்தில்கூடக் குரல் உயராது. அவருக்கு அப்போதே சர்க்கரை வியாதி இருந்தது. ஜெபினா என்று ஒரே மகள். 1991இல் நியூ ஜெர்சியில் இருந்த தமிழ்ச் சபை ஒன்று போதகர் வேண்டும் என்று கேட்டு எழுதியபோது காலேப் மனைவியிடம் வந்து நின்றார்.

"அமெரிக்காவுல கூப்பிடுதாங்க, தனம். கொஞ்ச வருஷம் இருந்துட்டு வந்துருவோம். ஜெபினாவுக்கும் நல்ல படிப்பு கெடைக்கும்."

"என் வேலை?"

"அங்கயும் மனுஷங்க முகத்தோடதான இருப்பாங்க?" என்றார் காலேப்.

அதைக் கேட்டுத்தான் தனபாக்கியம் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

பார்சிப்பனியில் ஓர் அமெரிக்க ஆலயத்தின் பக்கத்து ஹாலை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மதியம் தமிழ் ஆராதனை நடக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், சில டாக்டர்கள், நர்ஸ்கள். நெடுஞ்சாலை ஓரத்து அபார்ட்மென்ட் ஒன்றைப் போதகர் குடும்பத்துக்குச் சபை எடுத்துக் கொடுத்தது. கார்ப்பெட் போட்ட அந்தச் சின்ன வீட்டில் எண்ணெய் வண்ணம் வைத்து வேலை செய்ய முடியவில்லை. வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன் வாசனை பட்டதும் ஜெபினாவுக்கு வீசிங் வந்தது. எனவே தனபாக்கியம் பாஸ்டலுக்கு மாறினார். சாக்பீஸ் மாதிரி விரல் நீளத்தில் வண்ணக்குச்சிகள். தாளில் தேய்த்து, விரலால் இழுத்து, ஊதிவிட்டால் போதும். வாசனை கிடையாது. கை மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஹால் மூலையில் உட்கார்ந்து ஒருவரை வரையத் தொடங்கினார். அடுத்த வாரம் மூன்று பேர் நின்றார்கள். வருஷக்கணக்காக ஊருக்குப் போட்டோ மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, இன்னொரு மனிதர் தங்களை ஒரு மணி நேரம் உற்றுப் பார்ப்பது புதுசாக இருந்தது. தனபாக்கியம் காசு வாங்கியதில்லை. வாங்கவும் கூடாது. அவர் கணவரின் விசாவை அண்டி வந்த டிபென்டன்ட். வேலை பார்க்க அனுமதி இல்லை. யாராவது ஒருவர் அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒருத்தி ஜெபினாவுக்குக் குளிர் கோட்டு வாங்கிக் கொடுத்தாள். அதோடு சரி.

அப்படி வரையப்பட்டவர்களில் ஒருத்திதான் ஜாய். சபைச் செயலாளர் ஆசீர்வாதத்தின் மனைவி. இருவரும் பார்சிப்பனி கம்பெனிகளில் நல்ல வேலையில் இருந்தார்கள். எடிசனில் சொந்த வீடு. படம் முடிந்ததும் ஆசீர்வாதம் தள்ளி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பாஸ்டரம்மா, டிராயிங் சூப்பர். கலர் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணலாமா? ஜாய் இவ்ளோ டார்க் இல்லியே."

"ஜாய் கலர் இதான், தம்பி."

"சரி, அந்தக் கண்ணு? ஏதோ துட்டி வீட்ல அழுது முடிச்சு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. சின்னதா ஒரு ஸ்மைல்..."

"அவ சிரிக்கலையே."

ஜாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதம் படத்தை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். பாஸ்டரம்மாவுக்கு ரொம்பத் தலைக்கனம் என்று அந்த மாதம் முழுவதும் பேச்சாக இருந்தது. காலேப் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில் ஜாய் தனியாக அபார்ட்மென்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் படம் இருக்கா?"

இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க வரஞ்சப்போ எனக்கு அபார்ஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகல. சர்ச்ல யாருக்கும் தெரியாது. அவரும் அதப் பத்திப் பேசவே மாட்டார். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன் கண்ணு அப்படி இருந்துச்சு. வரஞ்சேன்."

ஜாய் அழுதாள். படத்தைக் கொண்டுபோய் ஃப்ரேம் போட்டு ஹாலில் சோஃபாவுக்கு மேலே மாட்டினாள். ஆசீர்வாதமும் தடுக்கவில்லை.

1995இல் காலேப்பின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. கால் வீக்கத்தை அவர் நின்று நின்று வந்த வீக்கம் என்று நினைத்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். ஜெபினாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தனபாக்கியம் அவரைக் காரில் கூட்டிப்போவார். கார் ஓட்டக் கற்றதே அதற்காகத்தான். ஃப்ரீவேயில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். காலேப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

டயாலிசிஸ் சென்டர் ஒரு நீள ஹால். இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். கையில் ஊசிகள் குத்தி, ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். ஒருவருக்கு நாலு மணி நேரம் ஆகும். அந்த ஹாலில் ஒரே நிறத்தில் இரண்டு முகங்கள் இல்லை. சாம்பல் பூத்த கறுப்பு, மெழுகு வெள்ளை, மஞ்சள், வெந்த செங்கல். தனபாக்கியம் முதல் வாரம் வெறுமே பார்த்தார். இரண்டாவது வாரம் பாஸ்டல் பெட்டியைக் கொண்டுபோனார்.

தலைமை நர்ஸ் மோரீன் உடனே வந்து நிறுத்தினாள். அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், வாட்டசாட்டமாக இருப்பாள். தூசு கிளப்பும் எதுவும் இந்த ஹாலுக்குள் வரக்கூடாது, இவர்களுக்குத் தொற்று என்றால் உயிர் போய்விடும் என்று கறாராகச் சொன்னாள். பிறகு தாளில் இருந்ததைப் பார்த்தாள். பென்சில் என்றால் பரவாயில்லை என்றாள்.

அன்றிலிருந்து அங்கே பென்சிலில் வரைந்து, நிறங்களை மனதில் வாங்கிக்கொண்டு வந்து, மத்தியானம் சமையலறை மேஜையில் பாஸ்டலில் முடிப்பது வழக்கமானது. தன் வாழ்க்கையில் அவர் மிக நன்றாக வேலை செய்த காலம் அதுதான். எதிரே இருப்பவர்கள் எழுந்து போக முடியாது. பேச்சும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு முகம் மட்டும் மிஞ்சும்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ரிட்டையரான கால்வின் என்ற கறுப்பினப் பெரியவர், மெஷினை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் வரையச் சொன்னார். தான் பஸ் ஓட்டியவன், குழாய் மாட்டிக்கொண்டு பிறந்தவன் இல்லை என்றார். அடுத்த நாற்காலியில் இருந்த கீனன் என்ற கிழவி, மெஷினையும் சேர்த்து வரை என்றாள். பெற்ற பிள்ளைகளைவிட அதுதான் தன்னோடு கூட இருக்கிறதாம். இரண்டு பேரும் சொன்னபடியே வரைந்தார். கொஞ்ச நாளில், தன் முறை வரும் என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஷேவ் செய்துகொண்டு வந்தார்கள். முடிந்த படங்களை மோரீன் வெயிட்டிங் ரூம் சுவரில் வரிசையாக மாட்டினாள். படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயரைப் போட வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். தனபாக்கியம் என்பதை அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. ஆனால் எழுத்து ஒன்றுவிடாமல் எழுதி ஒட்டினாள்.

ஒருநாள் போய்ப் பார்த்தால் கால்வினின் நாற்காலியில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்து கிராஸ்வேர்ட் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஹாலில் அப்படித்தான். வெயிட்டிங் ரூமுக்கு வந்தபோது கால்வினின் மகள் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் தனபாக்கியம். அவள் தலையாட்டி மறுத்தாள். அப்பாவின் சிநேகிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், இங்கேயே இருக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு சுவரில் இறந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

காலேப்பை மட்டும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார்.

"என்னத்துக்கு என்னையவே வரையுத? அலுக்கலையா?" என்றார் காலேப்.

"ஒவ்வொரு தடவையும் வேற ஆளா இருக்கீய."

"முன்னாடி இருந்த ஆளு நல்லா இருந்தானா?"

"இந்த ஆளுக்குத்தான் மூக்கு எடுப்பா இருக்கு."

அவர் சிரித்தபோது ஊசி போட்ட கை அசைந்து மெஷின் அலறியது. மோரீன் ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

காலேப் பிரசங்கத்தை விடவில்லை. உட்கார்ந்து பேசினார். கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் பெயரில்தான் போட்டிருந்தது. மனைவியும் மகளும் அதன் ஒட்டு. வந்துவிடும் என்றுதான் வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். 1998 ஜனவரியில் காலேப்புக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் தொற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த மூன்று நாளும் தனபாக்கியம் பென்சிலைத் தொடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் காலேப் ஜெபினா ஸ்கூலுக்குப் போய்விட்டாளா என்று கேட்டார். ஜெபினா அவர் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அடக்க ஆராதனைக்குப் படம் வேண்டும் என்று ஆசீர்வாதம் வந்தார். தனபாக்கியம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடித்த படத்தைக் கொடுத்தார். உப்பிய கன்னம், ஈய நிறம், தூக்கம் கெட்ட கண்கள். ஆனால் பார்க்கிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் படம். அவரும் கூட வந்த சபைக்காரர் ஒருவரும் தள்ளி நின்று பேசினார்கள். பிறகு ஆசீர்வாதம் தயங்கியபடி சொன்னார்.

"பாஸ்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைங்கல்லாம் வருவாங்க. இதப் பாத்தா பயந்துரும். சர்ச்சோட பழைய டைரக்டரில ஒரு ஸ்டூடியோ போட்டோ இருக்கு. அத என்லார்ஜ் பண்ணிடறோம்."

"சரி தம்பி. உங்க இஷ்டம்" என்றார்.

அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த போட்டோவில், நீலத் திரைக்கு முன்னால் முப்பத்தெட்டு வயது காலேப் டை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெபினா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளை அவளுக்கு ஞாபகம் இல்லை. தனபாக்கியம் தான் வரைந்த படத்தைத் துணியில் சுற்றி வீட்டிலேயே வைத்திருந்தார்.

வக்கீல் நல்லவர். சொல்வதற்கு முன்னால் மேஜை மேல் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார். விண்ணப்பதாரர் இறந்தால் விண்ணப்பமும் போய்விடும், சட்டம் அப்படி என்றார். கொஞ்ச மாதத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. அதற்குள் சபை புதிய போதகரை அழைத்திருந்தது. அவருக்கு இரண்டு குழந்தைகள். அபார்ட்மென்ட் வேண்டும். சொல்ல வந்த ஆசீர்வாதம் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. யாராவது ஒருவர் வந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஜெபினா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் வந்த பிள்ளை. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். தகப்பனைப் புதைத்த வருஷத்திலேயே அவளைப் பிடுங்கிக்கொண்டு போக தனபாக்கியத்துக்கு மனம் வரவில்லை. பள்ளியை முடிக்கட்டும் என்று, விசா இல்லாமலேயே தங்கினார். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஒரு குஜராத்தி வீட்டுப் பேஸ்மென்ட்டில் ஓர் அறை கிடைத்தது.

ஜாய்க்கு அந்த வருஷம்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அகிலன் என்று பெயர் வைத்தார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் அவளே பேஸ்மென்ட்டுக்கு வந்தாள்.

"டேகேர்ல விட பயமா இருக்கு ஆன்ட்டி. நீங்க பாத்துப்பீங்களா? உங்களுக்கும் ஹெல்ப்பா இருக்கும். தப்பா நெனைக்கலியே?"

"இதுல என்னம்மா தப்பு? பிள்ளையப் பாக்கது நல்ல வேலைதான்."

காலையில் ஆசீர்வாதம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவரைக் கூட்டிக்கொண்டுவந்து வீட்டில் விடுவார். அப்போது அவருக்கு மன்ஹாட்டனில் வேலை. தனபாக்கியம் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து, துணி மடித்து, மிச்ச நேரத்தில் குழம்பும் வைப்பார். ஹாலில், சோஃபாவுக்கு மேலே, அவர் வரைந்த ஜாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாய் அவரை மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் மாதங்கள் போகப் போக, குக்கரை வைத்துவிடுங்க ஆன்ட்டி, பாத்ரூம் கொஞ்சம் பாத்துடுங்க ஆன்ட்டி என்று வேலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர் வரைவது குறைந்தது. அகிலன் ஓர் இடத்தில் நிற்கிற குழந்தை இல்லை. பாஸ்டல் குச்சியை வாயில் வைத்துவிடுவான் என்று பயந்து பெட்டியைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார்.

2000ஆம் வருஷக் கோடையில் ஆசீர்வாதத்தின் அம்மா திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்தார். முதல் நாள் ஹாலில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் சுவரில் கண் நிறுத்தினார்.

"யாருட்டி இது, நீயா? உசிரோட இருக்க மாதிரில்லா இருக்கு! யாரு வரஞ்சது?"

தனபாக்கியம் தரையில் உட்கார்ந்து அகிலனுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஜாய் அவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். போதகர் மனைவியைக் குழந்தை பார்க்க வைத்திருக்கிறோம் என்று சொன்னால் நாசரேத்தில் என்ன பேச்சாகும் என்று அந்த ஒரு நொடியில் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"இங்க ஒரு ஆர்டிஸ்ட், அத்தை. இப்போ இல்ல. வேற ஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க."

"இந்தம்மா யாரு?"

"அகிலனப் பாத்துக்கறாங்க."

கிழவி தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணி கொண்டா என்று தனபாக்கியத்திடம் சொன்னார். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தார். மாலை கிளம்பும்போது ஜாய் வாசல்வரை வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பிள்ளைக்கு லேசா மூக்கு ஒழுகுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு தனபாக்கியம் நடந்தார். மறுநாளும் வேலைக்குப் போனார். போகாமல் இருக்க முடியாது.

ஜெபினா பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருந்தார்கள். முறையாகக் குடியிருப்பவர்களுக்குத் தருகிற சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இவளுக்கு இல்லை. மேல்படிப்புக்கு வழிசொல்லும் பள்ளிக் கவுன்சிலர் கூப்பிட்டுக் கேட்டபோது, ஒரு வருஷம் பிரேக் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். தனபாக்கியம் திரும்பவும் வக்கீலிடம் போனார். பதினெட்டு வயது ஆகும் முன் கிளம்பிவிட்டால் மகள்மேல் ஒன்றும் நிற்காது, பின்னாளில் படிக்க வருவதாக இருந்தால் விசா கேட்கலாம் என்றார் அவர். உங்களுக்கு அப்படி இல்லை, வெளியேறினால் பத்து வருஷம் உள்ளே வர முடியாது என்றும் சொன்னார். ஜெபினாவுக்கு ஆகஸ்டில் பதினெட்டு.

"ஜூன்ல கிரேஜுவேஷன் முடிஞ்சதும் போறோம்" என்று தனபாக்கியம் சொன்னபோது ஜெபினா ஓக் ட்ரீ ரோட்டில் சேலைக்கடை வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"போறோமா? எங்க? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

"பாளையங்கோட்டைல சித்தி இருக்கா. மெட்ராஸ்ல காலேஜ்ல சேத்துருவேன்."

"ஐ கான்ட் ஈவன் ரீட் தமிழ், அம்மா!" பிறகு, எப்போதாவது வரும் தமிழில், அழுத்தித் திருத்திச் சொன்னாள். "எல்லார் வீட்டுலயும் உன் பெயின்டிங் இருக்கு. எல்லாரும் உன் முன்னாடி உக்காந்தாங்க. அப்பா செத்தப்போ யார் நமக்கு நின்னாங்க?"

தனபாக்கியம் சோற்றைத் தட்டில் போட்டு வைத்தார். "சாப்பிடு" என்றார். ஜெபினா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த மே மாதம் மோரீனிடமிருந்து போன் வந்தது. டயாலிசிஸ் சென்டர் கைமாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் படங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வெயிட்டிங் ரூமில் உட்காருகிறவர்களுக்கு அவை நல்லதில்லையாம். குப்பையில் போடுவதற்குள் எடுத்து என் கராஜில் வைத்திருக்கிறேன், என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

அவரவர் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றார் தனபாக்கியம். மோரீனின் லீவு நாட்களில் அவளுடைய வேனில் இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். கால்வினின் மகள் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டாள், முகவரி யாருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் படத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. படத்தை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்கள். கீனன் கிழவியின் மகன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மெஷின் இல்லாமல் ஒன்று இருக்குமா என்று கேட்டான். இல்லை, உங்கள் அம்மா கேட்டுத்தான் அதையும் வரைந்தேன் என்றார் தனபாக்கியம். அவன் நன்றி சொல்லிவிட்டு அதைக் கராஜுக்குள் புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பதை இருவரும் வேனிலிருந்து பார்த்தார்கள். மோரீன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். ஒரே ஒரு வீட்டில், நடக்க முடியாத ஒரு கிழவர், தன் மனைவியின் படத்தை டிவிக்கு மேலே வைக்கச் சொல்லி, இருவரையும் உட்காரவைத்து, சக்கர நாற்காலியிலேயே போய்க் காபி போட்டுக் கொடுத்தார். யாருக்கும் கொடுக்க முடியாமல் மிஞ்சியவற்றை மோரீன் வைத்துக்கொண்டாள்.

ஜூனில் ஜெபினாவின் பட்டமளிப்பு முடிந்தது. நீல அங்கியில் அவள் மேடை ஏறினாள். தனபாக்கியம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கைதட்டினார். அந்த வாரம் ஜாய் பேஸ்மென்ட்டுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டு பெட்டிகளும் வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பெட்டி தேவையாக இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மாவும் மகளும் கல்லறைக்குப் போனார்கள். புல்லோடு புல்லாகப் பதித்த சின்னப் பலகை. காலேப் பெயருக்கு மேல் புல் வெட்டியவர்கள் விட்டுப்போன பச்சைத் துகள்கள். தனபாக்கியம் குனிந்து சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"யார் வந்து பாப்பாங்க?" என்றாள் ஜெபினா.

"யாரும் வர மாட்டாங்க" என்றார்.

ஜெபினா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பிக் கூட்டிவர வெகுநேரம் ஆயிற்று.

நூவர்க் விமான நிலையத்தில் தனபாக்கியம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். மூன்று வருஷமாகப் போலீஸ் காரைப் பார்த்தால் நடைபாதை மாறியவர். கவுன்டரில் என்ன கேட்பார்கள், தனி அறைக்கு அழைத்துப் போவார்களா, மகள் எதிரில் என்ன சொல்வது என்று பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். உள்ளே வரும்போது கொடுத்த வெள்ளை அட்டையைக் கிழித்தெடுத்து ஓர் இழுப்பறைக்குள் போட்டாள். ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்டாள்.

ஜெபினா அம்மாவைப் பார்த்தாள். "தட்ஸ் இட்?"

"அவ்ளோதான்."

"இதுக்கா அம்மா இவ்ளோ வருஷம் பயந்தோம்?"

தனபாக்கியம் போர்டிங் பாஸ்களை வாங்கிப் பைக்குள் வைத்தார். ஜன்னலோரம் ஜெபினாவுக்கு. அவள் உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். விமானம் எழும்பியபோது அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. லண்டன் தாண்டிய பிறகு தூக்கத்தில் அவள் தலை மட்டும் சாய்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. தனபாக்கியம் தோளை அசைக்காமல் சென்னைவரை உட்கார்ந்திருந்தார்.